ஒரே படகு, ஒரே ஃப்ளை: அவருக்கு நாலு மீன், எனக்கு ஒன்றுகூட இல்லை. எங்கே தவறு?

கண்மாய்க்கரை (லெஸ்டர்), மே 12, ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நேற்று முழுக்க இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் ஏரியில் படகில் இருந்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. ஒரு மீன்கூட வலைக்கு வரவில்லை. வெறுங்கையோடு திரும்புவது எனக்குப் புதிதில்லை, ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி இறகும் நூலும் சுற்றிக் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, வீசிப் பிடிப்பது) ஆரம்பித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஆனால் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாலு டிரவுட் மீன் பிடித்தார். அவர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த அதே ஃப்ளையைத்தான் நானும் கட்டியிருந்தேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்தான் தெரிகிறது. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். எங்கே கோட்டை விட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. ஊர் சிவகங்கைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கண்மாய். ஏழெட்டு வயதிலிருந்தே மூங்கில் குச்சி, நரம்பு, முள், மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை, சிரட்டையில் மண்புழு. கெண்டை எப்படிக் கொத்தும், கெளுத்தி எப்படி இழுக்கும் என்று தக்கை ஆடுவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் தூண்டிலைத் தொடவே இல்லை. பிறகு வேலையிடத்தில் ஒருவர் ஃப்ளை ஃபிஷிங் பற்றிச் சொல்லி, ஒரு பழைய ராடும் ரீலும் வாங்கி, பூங்காப் புல்வெளியில் லைன் வீசிப் பழகினேன். மற்றதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது.

படகுக்கு இரண்டு பேர் சேர்ந்தால் செலவு பாதி. அதனால் தெரியாத ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் வெள்ளைக்காரர். அதிகம் பேசவில்லை. வெயில் நன்றாக அடித்தது, மேகமே இல்லை. கிழக்கிலிருந்து மெல்லிய காற்று. ஏரியின் தெற்குக் கிளையான சவுத் ஆர்ம் பக்கம் போய், எஞ்சினை நிறுத்தி, படகைக் குறுக்காகத் திருப்பிக் காற்றோடு நகர விட்டோம். இரண்டு பேரும் காற்று போகும் திசையில், படகுக்கு முன்னால் வீசினோம்.

என் செட்டப்: 10 அடி ராட், 7 ஆம் நம்பர், மிதக்கும் லைன். லீடர் (லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) 12 அடி இருக்கும், சாதாரண நைலான். முனையில் பச்சை டாம்சல், மேலே ஒரு டியௌல் பாக், இரண்டும் ஃப்ளை வகைகள். வீசுவேன், இரண்டு மூன்று நொடி விடுவேன், பிறகு இழுப்பேன். வீடியோக்களில் பார்த்த மாதிரி கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பதினொன்றரைக்குள் ஃப்ளையை ஆறு தடவை மாற்றிவிட்டேன்.

அவர் என்ன செய்தார் என்றால், ஒன்றுமே செய்யவில்லை. வீசினார், உட்கார்ந்தார். ராட் முனையைத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு, படகு நகர நகரத் தளரும் லைனை மட்டும் விரலில் சுருட்டி எடுத்தார். திரும்ப வீசுவதற்கு முன்னால் ராடை மெதுவாக உயர்த்தி அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு முதல் மீன். அதை வலையில் எடுக்க ரொம்பச் சிரமப்பட்டார். ராடைப் பின்னால் தலைக்கு மேல் சாய்த்தும் மீன் கைக்கு எட்டவில்லை. நான்தான் வலையை வாங்கிக் கோலி எடுத்துக் கொடுத்தேன். வெள்ளியாய் மின்னும் ரெயின்போ டிரவுட், இரண்டு ராத்தலுக்குக் குறையாது.

மதியத்துக்குள் மூன்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவராகவே பெட்டியைத் திறந்து, கறுப்பு பஸ்ஸர் (கொசு மாதிரிப் பூச்சியின் கூட்டுப்புழு போலக் கட்டிய ஃப்ளை) இரண்டு எடுத்துக் கொடுத்தார். மேலே பளபளவென்று வார்னிஷ், மெல்லிய வெள்ளிக் கம்பிச் சுற்று, கழுத்தோரம் இரண்டு ஆரஞ்சுப் புள்ளி. "மெதுவாக" என்று ஒரே வார்த்தை சொன்னார். நானும் டாம்சலைக் கழற்றிவிட்டு அதைக் கட்டினேன். மெதுவாகத்தான் இழுத்தேன், சத்தியமாக. ஒன்றும் இல்லை.

மூன்று மணி வாக்கில் ஒரு விராலடிப்பான் வந்தது. ரட்லண்டுக்கு இந்தப் பறவையை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், 2001 இல் முதல் குஞ்சு பொரித்தது என்று படித்திருக்கிறேன். நேரில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அந்தரத்தில் சிறகடித்து நின்றது, காலை முன்னால் நீட்டி விழுந்தது, ஒரு நொடி தண்ணீருக்குள் போய் எழும்பியது. ஈரத்தை உதறிவிட்டு, காலில் இருந்த மீனின் தலை முன்னால் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் போனது. அப்போது மீன் மேலேயும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதைப் பார்த்துவிட்டு மறுபடி வேகமாக மேலாக இழுக்க ஆரம்பித்தேன்.

நாலரைக்கு எனக்கு ஒன்று மாட்டியது. அதுவும் நான் இழுக்கும்போது இல்லை. லைனில் விழுந்த சிக்கலை மடியில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன், ஃப்ளை அது பாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது. ராட் வளைந்தது, பிடித்தேன், ரீல் இரண்டு சுற்று சுற்றியது, சட்டென்று இலகுவாகிவிட்டது. ஃப்ளை போய்விட்டது. நரம்பு முனையைப் பார்த்தேன், பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. ஐந்து மணிக்கு அவர் நாலாவது மீனைப் பிடித்தார், ராடை உயர்த்திப் பிடித்திருந்தபோது.

கரைக்கு வந்ததும் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், கூச்சத்தில் விட்டுவிட்டேன். ஒரே படகு, ஒரே தண்ணீர், ஒரே ஃப்ளை. வேறு என்னதான் வித்தியாசம்?

---

வல்வையான் (ஹாரோ), மே 13, காலை

தம்பி, உங்கட பதிவை ரண்டு தரம் வாசிச்சன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உங்கட எழுத்துக்குள்ளயே இருக்கு. அவர் மீனை வலைக்கை எடுக்கக் கஷ்டப்பட்டார், ராடைத் தலைக்கு மேலால சாய்ச்சும் மீன் கிட்ட வரேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். 10 அடி ராடில அப்பிடி நடக்கிறதெண்டால் அவற்ர லீடர் ராடைப் போல ரண்டு மடங்கு இருக்கும். 20 அடி, 22 அடி. உங்கட 12 அடி. அவற்ர பஸ்ஸர் 12, 14 அடி ஆழத்தில தொங்கேக்கை உங்கட பஸ்ஸர் மூண்டு நாலு அடியில போயிருக்குது. ஒரே படகு, ஒரே ஃப்ளை எண்டது சரி. ஒரே தண்ணி எண்டதுதான் பிழை.

நான் 2003 இல இருந்து கிராஃபம் வாட்டர் எண்ட ஏரியிலயும் ரட்லண்டிலயும் பிடிக்கிறன். முதல் மூண்டு வருசம் நானும் உங்களை மாதிரித்தான், ஃப்ளை மாத்தி மாத்தியே நாள் போகும். எங்கட அப்பு வல்வெட்டித்துறையில கடற்தொழில் செய்தவர். கரைக்கு வாற வள்ளத்தைக் கண்டால் அவர் கேக்கிற முதல் கேள்வி "எத்தனை பாகத்தில பட்டது?" எண்டுதான். பாகம் எண்டால் ஆழம் அளக்கிற அளவு. என்ன இரை போட்டனி எண்டு ஒருநாளும் முதல்ல கேட்டதில்லை. இரண்டு கையையும் அகல விரிச்சுத் தங்கூசி நரம்பைப் பாகம் பாகமா அளந்து விடுவார். அது எனக்கு ஞாபகம் வர மூண்டு வருசம் எடுத்தது. சின்ன வயசில முழுக்கப் பாத்த ஒண்டு, கையில வேற விதமான தூண்டில் வந்த உடன மறந்து போச்சு. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்குது. கண்மாயில தக்கையை மேல கீழ தள்ளித் தள்ளி ஆழம் பாத்திருப்பியள்தானே?

இனி என்ன செய்யிறதெண்டு சொல்லுறன்.

நைலானை விடுங்கோ, லீடருக்கு ஃபுளோரோகார்பன் வாங்குங்கோ. அது கெதியா தாழும். எடுத்த எடுப்பில 22 அடியும் மூண்டு ஃப்ளையும் கட்டாதேங்கோ, சிக்கெடுக்கிறதிலயே நாள் போயிடும். 16 அடி, ரண்டு ஃப்ளை. பாரமானது முனையில, சின்னது நடுவில. படகில காத்து முதுகுக்குப் பின்னால இருக்கிறதால வீசுறது நீங்கள் பயப்பிடுற அளவுக்குக் கஷ்டமில்லை.

வீசின உடன எண்ணுங்கோ. முதல் வீச்சுக்கு 10. அடுத்ததுக்கு 20. அதுக்கடுத்தது 30. எந்த எண்ணில மீன் தட்டுதோ அந்த எண்ணை மறக்காமல், ஒவ்வொரு வீச்சுக்கும் அதையே எண்ணுங்கோ. வெயில் ஏற எண்ணிக்கை கூடும், பின்னேரம் குறையும். ஃப்ளையை மாத்த முதல் ஆழத்தை மாத்துங்கோ. நான் ஒரு நாள் முழுக்க ஒரே பஸ்ஸரோட இருந்து எண்ணிக்கையை மட்டும் மாத்தியிருக்கிறன்.

மெதுவா இழுத்தன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறியள், நம்புறன். ஆனா அவர் இழுக்கவே இல்லை, தம்பி. படகு லைனை நோக்கி நகருது. அந்தத் தளர்ச்சியை மட்டும் எடுத்தால் ஃப்ளை நிண்ட இடத்தில நிக்கும். நீங்கள் அதுக்கு மேல கொஞ்சம் இழுத்தாலும் அது மேல ஏறி வந்திடும். சிக்கெடுக்கேக்கை மீன் பிடிச்சது அதிர்ஷ்டமில்லை. அண்டைக்கு முழுக்க உங்கட ஃப்ளை ஒழுங்கா தாழ்ந்தது அந்த ரண்டு நிமிசந்தான்.

இதை வடிவாக் கவனியுங்கோ: பஸ்ஸரை எடுக்கிற டிரவுட் இழுக்காது. வாயைத் திறந்து தண்ணியோட உறிஞ்சும், பிடிக்காட்டி ஒரு செக்கனில துப்பிடும். கையில ஒண்டும் தெரியாது. ராட் முனைக்கும் தண்ணிக்கும் நடுவில லைன் கொஞ்சம் வளைஞ்சு தொங்கும் பாருங்கோ, அந்த வளைவைப் பாத்துக்கொண்டே இருக்கவேணும். அது ஒரு அங்குலம் நிமிர்ந்தாலும் ராடை உயர்த்துங்கோ. அதுதான் உங்கட தக்கை. அண்டைக்கு உங்களுக்கும் நாலைஞ்சு மீன் தட்டியிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

பன்றிவால் விசயம். அப்பிடி முனை சுருண்டிருந்தால் நரம்பு அறுந்ததில்லை, முடிச்சு வழுகினது. காத்தில தானா விழுற முடிச்சிலயோ உராய்ஞ்சோ அறுந்தால் முனை நேரா வெட்டின மாதிரி இருக்கும். முடிச்சை இறுக்க முதல் எச்சில் தொட்டு நனைச்சு, ஒரே சீரா இறுக்கி, பிறகு ஃப்ளையை ஒரு தரம் பலமா இழுத்துப் பாருங்கோ. ஃபுளோரோகார்பன் நைலானை விட வழுக்கும், அதில இன்னும் கவனம் வேணும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா லீடரை விரலால தடவிப் பாருங்கோ. நடுவில ஒரு சின்ன முடிச்சு விழுந்திருந்தாலே பலம் பாதியாப் போகும்.

கிழக்குக் காத்தைப் பற்றி. ஊரில வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எண்டு காத்தின்ர பேரைச் சொல்லித்தான் கடலுக்குப் போறதும் விடுறதும். இஞ்சத்தை ஆக்களும் கிழக்குக் காத்தெண்டால் முகத்தைச் சுழிப்பினம். என்ர அனுபவத்திலயும் கிழக்குக் காத்து நாள் மந்தம்தான். அப்பிடி ஒரு நாளில அவர் நாலு பிடிச்சது பெரிய விசயம். நல்ல ஆளோட இருந்திருக்கிறியள்.

கடைசியா ஒண்டு, இதைத் தயவு செய்து செய்யுங்கோ. 2010 செப்டம்பரில இந்த நாட்டில முதல் முதலா கில்லர் ஷ்ரிம்ப் எண்ட வெளிநாட்டுச் சின்ன இறால் கிராஃபத்திலதான் பிடிபட்டது. மற்றச் சிற்றுயிர்களைக் கொன்று தின்னுற சாதி. ஈரமான வலையிலயும் சப்பாத்திலயும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகும். எந்த ஏரியால வந்தாலும் வலை, சப்பாத்து, உடுப்பு எல்லாத்தையும் பாத்து, கழுவி, நல்லாக் காயவிட்டுத்தான் அடுத்த ஏரிக்குக் கொண்டு போகவேணும்.

---

நீர்ப்பூச்சி (நாட்டிங்ஹாம்), மே 13, மாலை

வல்வையான் அண்ணா சொன்னதோடு சேர்த்து, ஏன் ஆழம் என்பதை மட்டும் விளக்குகிறேன். நான் நன்னீர்ப் பூச்சிகளைப் பற்றிப் படித்தவள். தூண்டில் பிடித்ததில்லை, என் கணவர் பிடிப்பார்.

பஸ்ஸர் என்று நீங்கள் சொல்வது கைரோனாமிட். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. இதன் புழு ஏரியின் அடியில் சேற்றில் குழாய் கட்டிக்கொண்டு வாழும். பல வகைப் புழுக்கள் இரத்தச் சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதிலும் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவானதும் சேற்றை விட்டு மேலே எழும்பும். தோலுக்கடியில் சேரும் வாயுதான் அதைத் தூக்குகிறது. நேராக மேலே பாயாது. கொஞ்சம் நெளியும், நிற்கும், மறுபடி நெளியும். கையால் இழுக்கும் எந்த இழுப்பும் அதற்கு வேகம்தான். நீங்கள் பார்த்த ஆரஞ்சுப் புள்ளிகள், கூட்டுப்புழுவின் பக்கவாட்டில் சிறகு உருவாகும் இடத்தைக் காட்டுபவை.

இரண்டாவது, டாஃப்னியா. தண்ணீர்த்தெள்ளு. மே மாதத்தில் ஏரிகளில் கோடிக்கணக்கில் பெருகும். வெளிச்சம் கூடினால் கீழே இறங்கும், மங்கினால் மேலே வரும். நீந்தும் சக்தி குறைவு, அதனால் காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கும். ரெயின்போ அதன் பின்னாலேயே போகும். மீனுக்கு இமை இல்லாததால் வெயிலுக்குப் பயந்து ஆழம் போகிறது என்று கரையில் சொல்வார்கள். சாப்பாடு இறங்கிவிட்டதால் அதுவும் இறங்கியது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விராலடிப்பானுக்கு மேலாக வரும் ஒரே ஒரு மீன் போதும். அதை வைத்து மற்ற மீன்கள் எங்கே என்று முடிவு செய்ய முடியாது.

நரம்பைப் பற்றி ஒரு கணக்கு: நைலானின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம், 1.14 அளவில். ஃபுளோரோகார்பன் 1.78. நைலான் லீடர் உங்கள் பஸ்ஸரைப் பாதியிலேயே பிடித்து வைத்திருக்கும்.

---

குந்தாமலை (நீலகிரி), மே 14

நண்பர்களே, தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் இரண்டு வார்த்தை. எங்கள் பக்கம் அவலாஞ்சியில் 1907 இல் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு 1860களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இந்த மலைக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் கொண்டுவந்த ரெயின்போதான் இங்கே நிலைத்தது. என் தாத்தா சின்ன வயதில் அங்கே தட்டு கழுவும் வேலைக்குப் போனவர். முட்டை வைத்த தட்டில் செத்த முட்டை வெள்ளையாகிவிடும், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும், விட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் பரவும் என்று சொல்வார். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் பொரிக்க ஒரு மாதம். கொஞ்சம் சூடானால் நாள் குறையும். விரலைத் தண்ணீரில் வைத்தே நாள் கணக்குச் சொல்வாராம்.

அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்கு உதவலாம். மலைமேல் ஏரியில் வெயில் நாளில் டிரவுட் எங்கே என்று கேட்டால், ஓடை வந்து விழும் வாயைக் காட்டுவார். குளிர்ந்த தண்ணீர், கரைந்த காற்று அதிகம், மேலேயிருந்து பூச்சி அடித்துக்கொண்டு வரும். ரட்லண்டில் அப்படி ஓடை வாய் உண்டா?

---

வல்வையான், மே 14

ஐயா, ரட்லண்ட் இயற்கை ஏரி இல்லை. குவாஷ் எண்ட சின்ன ஆத்தின்ர பள்ளத்தாக்கை மறிச்சு 1970களில கட்டினது. பெரும்பாலான தண்ணி வெலண்ட், நீன் எண்ட ரண்டு ஆத்தில இருந்து பம்ப் பண்ணி வருது. பரப்பளவில இங்கிலாந்தின்ர பெரிய நீர்த்தேக்கம் அதுதான். நெதர் ஹாம்பிள்டன் எண்ட ஊர் தண்ணிக்குள்ள போச்சு. நோர்மன்டன் தேவாலயம் மட்டும் கீழ்ப்பாதியைக் கல்லால நிரப்பிக் காப்பாத்தி, இண்டைக்கும் கரையோரம் பாதி மூழ்கின மாதிரி நிக்குது. அதால ஓடை வாய் தேடுறதிலும் பாக்க, பழைய பள்ளத்தாக்கு எங்க சரிஞ்சு இறங்குது எண்டு பாக்கிறது இஞ்ச பிரயோசனம். உங்கட தாத்தாவின்ர கதை இன்னும் இருந்தால் தனிப்பதிவாப் போடுங்கோ, வாசிக்க ஆசை.

---

கண்மாய்க்கரை, மே 26, ஞாயிறு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மறுபடி போனேன். இந்த முறை தனியாக.

வல்வையான் அண்ணன் சொன்னபடி 16 அடி ஃபுளோரோகார்பன், இரண்டு ஃப்ளை. முதல் நாள் ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து முடிச்சு போட்டுப் போட்டுப் பார்த்தேன். நனைக்காமல் இறுக்கிய முடிச்சு ஆறில் இரண்டு வழுகியது, அதே பன்றிவால். நனைத்து இறுக்கியதில் ஒன்றுகூட வழுகவில்லை. அப்போதே பாதி மனசு ஆறிவிட்டது.

மேகமும் வெயிலும் மாறி மாறி வந்தது, மேற்குக் காற்று. 10 எண்ணினேன், ஒன்றும் இல்லை. 20, ஒன்றும் இல்லை. 30க்கு எண்ணிவிட்டு லைன் வளைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. விரல் தானாக இழுக்கப் போகிறது. கடைசியில் இடது கை ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் மட்டும் லைனில் வைத்துக்கொண்டு மற்ற மூன்று விரலையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டேன்.

வளைவு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஆட்டம் நின்றது. நிமிரக்கூட இல்லை, ஆடாமல் நின்றது, அவ்வளவுதான். என்ன என்று யோசிப்பதற்குள் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. கண்மாயில் கெண்டை மண்புழுவை முகர்ந்து பார்க்கும்போது தக்கை அப்படித்தான் ஒரு கணம் அசையாமல் நிற்கும். முப்பது வருடம் கழித்து அதே நிற்பை வேறொரு நாட்டில் பார்க்கிறேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு அந்த முதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் என் லைன் இப்படி எத்தனை தடவை நின்றதோ, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர லைனைப் பார்க்கவில்லை.

இப்படி நாலு தடவை விட்டேன். ஐந்தாவது தடவை வளைவு நின்றதும் ராடை உயர்த்தினேன், கனம். கொஞ்ச நேரம் ஆழத்திலேயே சுற்றியது, பிறகு படகுக்கு அடியில் போனது, ராடைத் தண்ணீருக்குள் விட்டு மறுபக்கம் கொண்டுவந்தேன். அண்ணன் சொன்ன மாதிரி லீடர் நீளத்தால் வலை எட்டவில்லை. எழுந்து நிற்கக்கூடாது என்று முழங்காலிட்டு, மூன்றாவது முயற்சியில் வலைக்குள் எடுத்தேன். ஒரே மீன். நாள் முழுக்க அந்த ஒன்றுதான். இன்னும் ஆறேழு தடவை லைன் நின்றது, இரண்டு மாட்டி விட்டுப்போனது. ஆனால் ஒன்பது மணி நேரமும் என்ன நடக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மனைவி மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு மட்டும் தடவித் தோசைக்கல்லில் போட்டாள். சதை லேசான இளஞ்சிவப்பு. முள் எளிதாக வந்துவிட்டது. மகன் தலைப்பகுதியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், என் அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும்.

அந்த முதியவரை மறுபடி பார்க்கலாம் என்று படகுத்துறையில் காலையிலும் மாலையிலும் தேடினேன், இல்லை. பார்த்தால் அவருடைய பஸ்ஸர் மாதிரியே நான் கட்டிய இரண்டைக் கொடுக்க வேண்டும்.

நீர்ப்பூச்சி அக்காவுக்கு ஒரு கேள்வி. மீனைச் சுத்தம் செய்யும்போது இரைப்பைக்குள் என்ன இருக்கிறது என்று கரண்டியால் வழித்துப் பார்த்தேன். கறுப்புக் கூட்டுப்புழு ஐந்தாறு இருந்தது, ஒன்று இன்னும் நெளிந்தது. அதோடு பச்சையும் பழுப்புமாக அரைத்த கீரை மாதிரி நிறைய. அது பாசியா, டாஃப்னியாவா?

---

நீர்ப்பூச்சி, மே 26, இரவு

டாஃப்னியாவாகத்தான் இருக்கும். மிச்சம் இருந்தால் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு துளியைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி புள்ளியாகப் பிரியும். ஃபோன் கேமராவைப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கறுப்புக் கண் தெரியும்.

---

கண்மாய்க்கரை, மே 26, இரவு

பார்த்தேன் அக்கா. கண் தெரிகிறது. மகனையும் எழுப்பிக் காட்டினேன்.